பதினோரு விநாடிப் பாய்ச்சல்

வேன் நைஸ், கலிஃபோர்னியா
3 மார்ச் 1952

நேட்,

இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன். முதல் மூன்றிலும் நிறைய மன்னிப்பு இருந்தது. படிக்கவே நன்றாக இல்லை. கிழித்துப் போட்டேன்.

செய்தி இதுதான். ஜட்சன் வேல் முடிகிறான். அறுபத்திரண்டாவது படம் கடைசி. ஏப்ரலில் விட்டுவிட்டு எட்டு நாள் படப்பிடிப்பு, அதோடு சரி. இதைச் சொல்ல ஃபார்க்கஸ் என்னை அறைக்குக் கூப்பிடவில்லை. தாழ்வாரத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னான். "டெலிவிஷன் வந்துருச்சுப்பா. வீட்டுல சும்மா கெடைக்கிறதை எவன் டிக்கெட் வாங்கிப் பார்ப்பான்?" குவளையைக் கசக்கித் தொட்டியில் போட்டான். உன் காலத்தில் அவன் டைரக்டர் மட்டும்தான். இப்போது தயாரிப்பாளரும் அவனே. மற்றபடி மாறவில்லை.

எனக்கு ஐம்பத்துநான்கு ஆகிறது. பதினெட்டு வருடமாகத் திரையில் நான் ஒரே ஆள், ஜட்சன் வேல். குடிக்காதவன், பொய் சொல்லாதவன், முதலில் துப்பாக்கியை எடுக்காதவன். குழந்தைகள் இன்னும் கடிதம் போடுகிறார்கள். தூங்கும்போது பூட்ஸைக் கழற்றுவீர்களா என்று கேட்டு ஒன்று நேற்று வந்தது. குதிரைக்கு அந்தப் பக்கம், கேமராவுக்குத் தெரியாமல், மரப்பெட்டி ஒன்று வைக்கிறார்கள். அதில் ஏறி நின்றுதான் குதிரையில் ஏறுகிறேன். இறங்குவது அதைவிடக் கஷ்டம். அதனால் நான் இறங்குகிற காட்சிகளைக் கதை எழுதுகிறவர்கள் இப்போது வைப்பதே இல்லை.

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? கேட்கத் தகுதி இல்லை என்று தெரியும்.

நாலு வருடம் நீ எனக்கு டூப். நான் முகத்தைக் காட்டினேன், நீ விழுந்தாய். அந்த ஆற்றுப் பாய்ச்சலுக்குப் பிறகு நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது, குதித்தது நானேதான் என்று பத்திரிகைக்காரனிடம் சொன்னேன். ஸ்டுடியோ சொல்லச் சொன்னது. ஆனால் வாய் என்னுடையது. அதற்குப் பிறகு நீ இங்கே வரவில்லை. இரண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் பிரிக்காமல் திரும்பி வந்தன.

கடைசி நாள் படப்பிடிப்புக்கு நீ வர வேண்டும். சும்மா வந்து நின்றால் போதும். வேறெதையும் மனதில் வைத்துக்கொண்டு கேட்கவில்லை.

லைல்


பர்ன்ஸ், ஓரிகன்
12 மார்ச் 1952

லைல்,

வர முடியாது. தீவனக் கடையில் எடை போட ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் வரமாட்டேன்.

இடுப்பு இருக்கிறது. பனிக்காலத்தில் அதிகமாக இருக்கிறது.

இங்கே ஒரு சினிமா கொட்டகை. சனிக்கிழமை உன் படம். என் மனைவி இயோனுக்குப் பிடிக்கும். வாரம் முழுக்க டெலிபோன் போர்டில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதை இணைத்துக்கொடுக்கிறவள். அன்றைக்கு மட்டும்தான் அவளாக எதையாவது கேட்கிறாள். கூடப் போகிறேன்.

அந்தப் பாய்ச்சல் வருகிறது. குதிரையும் ஆளும் பாறையிலிருந்து ஆற்றில். முப்பத்தெட்டில் ஒரு தடவை எடுத்தது. அதை வெட்டி வெட்டி எல்லாப் படத்திலும் ஒட்டுகிறீர்கள். நான் பார்த்த வரையில் பத்தொன்பது படம். கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பதினோரு விநாடி.

நான் ஒரு முறைதான் விழுந்தேன். அப்புறம் பத்தொன்பது முறை விழுந்திருக்கிறேன்.

ஏதாவது செய்ய வேண்டும் என்று உனக்கு இருந்தால் இதைச் செய். கடைசிப் படத்தில் அது வேண்டாம். அது இல்லாமல் ஒன்று முடியட்டும்.

அட்டை அனுப்பாதே.

நே. பர்டி


வேன் நைஸ்
20 மார்ச்

நேட்,

பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நின்றபடியே படித்தேன்.

மறுநாள் ஃபார்க்கஸிடம் போனேன். புதுப் படத்தின் கதை மேசையில் கிடந்தது. நாற்பத்தொன்றாவது பக்கத்தில் ஒரே ஒரு சொல்: பாய்கிறான். அவ்வளவுதான் எழுதுகிறார்கள். மிச்சத்தை அந்தப் பதினோரு விநாடி பார்த்துக்கொள்ளும்.

"இந்த ஒரு படத்துக்கு அதை விட்டுரேன்," என்றேன்.

"எதை?"

"பாய்ச்சலை."

அவன் சிரித்தான். "லைல், அந்தத் துண்டுக்குத்தான் ஜனம் வருது. உன் மூஞ்சிக்கு வருதுன்னு யார் சொன்னா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்கு அது உண்மை.

வெளியே வந்து வண்டியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் தோன்றியது. பதினாலு வருடமாக நான் ஏன் ஒரே சட்டை போடுகிறேன்? நீ போட்டிருந்தாயே, நெஞ்சில் இரட்டை வரிசைப் பொத்தான் வைத்த கருஞ்சிவப்புச் சட்டை. படத்தில் கறுப்பாகத் தெரியும். அந்தப் பாய்ச்சலோடு ஒட்டவேண்டும் என்பதற்காகவே அதே துணியில், அதே வெட்டில், ஒன்பது முறை தைத்துவிட்டார்கள். துணிமணி பார்க்கும் பிளான்ச்சி ஒவ்வொரு வருடமும் ஒரே பாட்டுதான் பாடுகிறாள். "வயித்தை உள்ள இழு ராசா. முப்பத்தெட்டுல உனக்கு இந்த வயிறு இல்ல." வயிற்றுக்கு ஒரு பட்டை கட்டுகிறாள். மூச்சுவிட்டால் வலிக்கும்.

அதே தொப்பி. அதே கழுத்துத் துணி. நெற்றியில் அதே வெள்ளைப் பட்டை உள்ள குதிரை. நான் ஒரு நடிகன் என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். உண்மையில் நான் உன் பதினோரு விநாடிக்கு முன்னும் பின்னும் ஒட்டவைத்த ஆள். டூப் நீ இல்லை, நேட். நினைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது.

சட்டை வேறாக இருந்தால் அந்தத் துண்டு ஒட்டாது. அதனால் அதைப் போடமாட்டேன் என்று சொல்லப்போகிறேன். இத்தனை வருடத்தில் என் கையில் இருக்கும் ஒரே பிடி இதுதான் போலிருக்கிறது.

பத்திரிகையில் சொன்னதையும் திருத்தவேண்டும். குதித்தது நேத்தன் பர்டி என்று சொல்கிறேன். இப்போது யார் அதை அச்சிடுவார்கள் என்று தெரியவில்லை. ஆனால் சொல்கிறேன்.

லைல்


பர்ன்ஸ்
26 மார்ச்

லைல்,

பத்திரிகைக்காக இல்லை. அது அப்போதே ஆறிவிட்டது. என் பெயரை எங்கும் சொல்லாதே. தயவுசெய்து.

என் குதிரை டீக்கனை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன் நட்சத்திரக் குதிரையை ஆற்றில் இறக்க மனமில்லாமல் என் டீக்கனுக்கு நெற்றியில் பூட்ஸ் வெள்ளையைப் பூசினீர்கள். நான் குட்டியிலிருந்து வளர்த்தவன். அவன் தண்ணீரைவிட்டு மேலே வரவில்லை. ரெண்டு மைல் தள்ளி எடுத்தார்கள். என்னைத் தூக்கிப் போட்ட வண்டியிலிருந்து பார்த்தேன். நெற்றியில் வெள்ளை கரைந்து போயிருந்தது.

சட்டையை மாற்று.

நேட்


வேன் நைஸ்
2 ஏப்ரல்

நேட்,

சட்டையை மாற்றினேன். வெளிர் நிறம், ஒற்றை வரிசைப் பொத்தான், சாதாரணச் சட்டை. பிளான்ச்சி என்னைச் சுற்றிவந்து பார்த்தாள். "இதுல மனுசன் மாதிரி இருக்க," என்றாள். பட்டையையும் கழற்றிவிட்டேன். முதல் இரண்டு நாள் படப்பிடிப்பு அந்தச் சட்டையில்தான் நடந்தது. துரத்தல் முழுவதும் எடுத்தாகிவிட்டது. பாறை விளிம்புக்கு நான் வருவதற்கு முந்தின காட்சி வரை.

ஃபார்க்கஸ் சண்டை போடுவான் என்று நினைத்தேன். மூன்று பக்கம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"கடைசிப் படம். புதுச் சட்டை வேணுமா, போட்டுக்க. புதுசாவே பாஞ்சிடலாம்."

எனக்கு உடனே புரியவில்லை.

"யாரு?"

"ஆள் இருக்கான்."

ஆள் பெயர் வெஸ் டில்மன். முப்பத்தைந்து வயது. இரண்டு பெண் குழந்தைகள். ஏழு மாதமாக வேலை இல்லாதவன். நேற்று என் வீட்டு வாசலுக்கே வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நீங்க பழைய துண்டு வேணாம்னு சொன்னதாலதான் சார் எனக்கு இது கெடைச்சது. என் வீட்டுக்காரி உங்களுக்கு ஆப்பிள் பை செஞ்சு குடுத்தனுப்பியிருக்கா."

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? இன்னும் அடுப்பின் மேல் இருக்கிறது. தொடவில்லை.

17ஆம் தேதி, வியாழக்கிழமை. அதே பாறை, அதே கெர்ன் ஆறு. இப்போதெல்லாம் குதிரையைப் பார்த்துக்கொள்ளவென்றே ஒரு அதிகாரி வந்து நிற்கிறார். குதிரையைத் தள்ளிவிடுவதற்கென்று சாய்கிற பலகை கிடையாது. ஆனால் மலையில் பனி இன்னும் உருகத் தொடங்கவில்லை, ஆற்றில் தண்ணீர் குறைவு. போய்ப் பார்த்தேன். நீ விழுந்த இடத்தில் தண்ணீருக்கு அடியில் கல் தெரிகிறது. வெஸ்ஸிடம் சொன்னேன். "பார்த்துட்டேன் சார், ரெண்டு அடி இடதுபக்கம் போனா ஆழம் இருக்கு," என்றான். ரெண்டு அடி.

நேட், நான் உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். பதினாலு வருடம் தள்ளிப்போட்டதை ஒரு ஆப்பிள் பையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பது கேவலம்தான்.

அன்று காலை, நீ வருவதற்கு முன், நான் பாறைமேல் இருந்தேன். பலகைக்கு அவர்கள் க்ரீஸ் தடவுவதைப் பார்த்தேன். மேலே மண் தூவினார்கள். குதிரை மிதித்ததும் பலகை சாயும் என்று ஃபார்க்கஸ் சொன்னான். "நேட்கிட்ட சொல்லாத. தெரிஞ்சா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துருவான்." நீ வந்தாய். காபி கேட்டாய். ஊற்றிக் கொடுத்தேன். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன்.

இப்போது வெஸ்ஸுக்கு நான் என்ன செய்வது? பழைய சட்டைக்குத் திரும்பினால் துரத்தல் முழுவதும் மறுபடி எடுக்கவேண்டும். அதற்கு நாள் இல்லை. நான் உனக்காக என்று ஒன்றைச் செய்தேன். அது எங்கே வந்து நிற்கிறது பார்.

என்னைத் திட்டியாவது எழுது.

லைல்


பர்ன்ஸ்
8 ஏப்ரல்

லைல்,

உன் கடிதத்தை இயோனிடம் காட்டவில்லை. கடையின் பின்பக்கம், ஓட்ஸ் மூட்டைமேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வெஸ் டில்மன். இந்தப் பெயர் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

எனக்கு ஒன்று தோன்றவே இல்லை. அந்தத் துண்டை நீங்கள் பத்தொன்பது முறை ஒட்டினீர்கள் என்றால், பத்தொன்பது முறை யாரும் குதிக்கவில்லை. ஆளும் இல்லை, குதிரையும் இல்லை. நான் கொட்டகையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததெல்லாம் யாரோ ஒருத்தன் ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டதற்காக. நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. என் விழுதலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ க்ரீஸைப் பற்றிச் சொல்கிறாய். நானும் சொல்கிறேன்.

எனக்குத் தெரியும். வாசனை வந்தது. இருபது வருடம் வண்டி அச்சோடு வளர்ந்தவனுக்கு க்ரீஸ் வாசனை தெரியாதா? மண் தூவியிருந்த விதமும் தெரிந்தது. சர்க்கரை எவ்வளவு என்று நீ கேட்டபோது உன் முகத்தைப் பார்த்தேன். உனக்கும் தெரியும் என்று புரிந்தது. இரண்டு பேரும் காபி குடித்தோம்.

பலகைக்குப் பக்கத்தில் போனதும் டீக்கன் நின்றுவிட்டான். முன்னங்கால் இரண்டையும் ஊன்றி. அவன் அப்படி நின்றால் நான் இறங்கிப் பார்ப்பதுதான் வழக்கம். பாம்போ, பொந்தோ, ஏதாவது இருக்கும். அவன் ஒரு தடவையும் தப்பாக நின்றதில்லை.

நான் இறங்கவில்லை. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. குதிகாலால் உதைத்தேன்.

திரையில் அது தெரிகிறது, லைல். முதல் விநாடியில். என் வலது குதிகால் உள்ளே போகிறது. டீக்கன் ஒரு அடி எடுத்து வைக்கிறான். அந்தத் துண்டு வருகிற ஒவ்வொரு தடவையும் அதைப் பார்க்கிறேன். அதனால்தான் எடுத்துவிடச் சொன்னேன். குதிரை செத்ததற்காக என்று உனக்கு எழுதினேன். குதிரை செத்ததற்காக இல்லை.

இயோனுக்கும் இது தெரியாது.

அந்த ஆளைக் குதிக்கவிடாதே. எப்படியாவது. பழைய துண்டை ஒட்டிக்கொள்ளச் சொல். நான் பார்த்துக்கொள்கிறேன். பழகிப்போனதுதான்.

நேட்


வேன் நைஸ்
19 ஏப்ரல்

நேட்,

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பெரிதாக எதையும் நினைத்துவிடாதே.

உன் கடிதத்தோடு ஃபார்க்கஸிடம் போனேன். கடிதத்தைக் காட்டவில்லை. சட்டைப் பையில் இருந்தது. பழையதையே ஒட்டு என்றேன். "சட்டை ஒட்டாதுன்னு நீதானே சொன்ன?" என்றான். படப்பிடிப்பின் எட்டாம் நாள்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை பாறைக்குப் போனோம். வெஸ் என்னைப்போலவே உடுத்திக்கொண்டு ஓரமாக நின்றான். பழுப்புக் குதிரை ஒன்று, நெற்றியில் வெள்ளை பூசி. அவன் அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். முதலில் என் ஷாட். நான் விளிம்புவரை வந்து, கீழே பார்த்து, கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கவேண்டும். அங்கே வெட்டிவிட்டு வெஸ்.

விளிம்புக்கு வந்தேன். கீழே பார்த்தேன். கல் தெரிந்தது.

இறங்கினேன்.

அழகாக இல்லை. இடது கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டது. சேணத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் தொங்கினேன். பிறகு கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டு பக்கத்துச் சரிவில் நடக்கத் தொடங்கினேன். ஆடு போகிற தடம் ஒன்று இருக்கிறது, உனக்குத் தெரியும்.

ஃபார்க்கஸ் ஒலிபெருக்கியில் கத்தினான். "எங்கடா போற?"

"முட்டி வலிக்குது. நடந்து போறேன்."

"முட்டி வலிச்சா எதுக்குடா நடக்குற?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். திரும்பவில்லை. ஜட்சன் வேல் பதினெட்டு வருடத்தில் எந்தச் சரிவிலும் இறங்கி நடந்ததில்லை. கேமராக்காரன் நிறுத்தவும் இல்லை. ரீல் தீரத் தீர மாற்றி, நான் அடிவாரம் சேரும்வரை ஓடவிட்டான். ஏன் என்று பிறகு கேட்டேன். "யாரும் கட் சொல்லலையே," என்றான்.

அடிவாரத்துக்கு வர அரைமணி ஆயிற்று. இரண்டு முறை உட்கார்ந்தேன். குதிரை என் தொப்பியை மோந்துகொண்டு நின்றது. நான் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிற ஷாட் முடியாமல் ஃபார்க்கஸ் வெஸ்ஸை எடுக்கமாட்டான். மேலே திரும்பி ஏறுவதற்கு எனக்குத் தெம்பில்லை. என்னை மலையைச் சுற்றி வண்டியில் கொண்டுவந்து சேர்த்தபோது வெயில் இறங்கிவிட்டது. கடைசி நாள். மறுநாள் கிடையாது. அந்த ஆற்றில் யாரும் குதிக்கவில்லை.

வெஸ் சட்டையைக் கழற்றிப் பிளான்ச்சியிடம் கொடுத்துவிட்டுப் போனான். பிறகு திரும்பி வந்து, "பை சாப்பிட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். பொய். ஒருநாள் கூலிக்கு அவன் ஏழு மாதம் காத்திருந்தான். அதை நான் நடந்தே தீர்த்துவிட்டேன்.

ஆனால் நேட், பழைய துண்டு ஒட்டாது. பாய்ச்சல் இல்லாத படம் ஒன்று வரும். அதை மட்டும் செய்தேன்.

லைல்


பர்ன்ஸ்
8 செப்டம்பர் 1952

லைல்,

படம் சனிக்கிழமை இங்கே வந்தது.

உனக்கு யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. நான் சொல்கிறேன்.

நீ விளிம்புக்கு வருகிறாய். வெளிர் சட்டை. கீழே பார்க்கிறாய். பிறகு நான் விழுகிறேன். கறுப்புச் சட்டை. இரட்டை வரிசைப் பொத்தான்கூடத் தெரிகிறது. பதினோரு விநாடி. தண்ணீர். பிறகு நீ அடிவாரத்தில், வெளிர் சட்டையில், ஒரு சொட்டு ஈரமில்லாமல், குதிரையைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைக்கிறாய். உன் அரைமணி நேரத்தில் அந்த இரண்டு எட்டுதான் மிச்சம்.

ஒட்டிவிட்டார்கள். அவ்வளவுதான்.

கொட்டகை நிறைந்திருந்தது. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் இருந்தவர் சோளப்பொரியை நிறுத்தக்கூட இல்லை.

வெளியே வந்ததும் இயோனிடம் கேட்டேன்.

"சட்டையைப் பார்த்தியா?"

"எந்தச் சட்டை?"

"குதிக்கும்போது கறுப்பு. முன்னாடியும் பின்னாடியும் வெளுப்பு."

யோசித்தாள். "அப்படியா? நான் குதிரையைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

பதினாலு வருடம் நீ வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவளிடம் சொல்லிவிட்டேன். க்ரீஸ், டீக்கன் நின்றது, நான் உதைத்தது, எல்லாம். அவள் சாவியைத் திருகவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். "பார்த்திருப்பியே, குதிகால்," என்றேன்.

"எங்க தெரியுது?"

"முதல் விநாடியில. வலது கால்."

"நேட், அங்க உன் காலே இல்ல."

நான் நம்பவில்லை. அடுத்த காட்சிக்கு டிக்கெட் வாங்கி மறுபடி உள்ளே போனோம். முன்வரிசையில் உட்கார்ந்தோம். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அந்த இடம் வந்தது. போனது. அவள் என் கைமேல் கை வைத்தாள்.

"முட்டிக்குக் கீழ படத்துலயே இல்லப்பா. அதுக்குக் கீழ வெறும் புழுதிதான் இருக்கு."

அவள் சொன்ன பிறகு நானும் பார்த்தேன். சரிதான். கால் இல்லை. ஓரத்தோடு வெட்டுப்பட்டிருக்கிறது. இத்தனை சனிக்கிழமையும் இல்லாத ஒன்றைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எனக்கு எதுவும் நிச்சயமில்லை. உதைத்தேனா? அவனே காலை எடுத்து வைத்தானா? இரண்டு நாளாக அதே யோசனை. இயோன் சொல்கிறாள், "நீ உதைச்சிருக்க மாட்ட. விழுந்தவன் மனசு என்னென்னவோ ஜோடிச்சுக்கும்." அவள் நல்லவள். அவள் அங்கே இல்லை.

நீ கேமராவுக்கு இடதுபக்கம் நின்றாய். பத்தடி தூரம்கூட இருக்காது. என் வலது பக்கம் உனக்கு நேராக இருந்தது. ஃபார்க்கஸைக் கேட்டுப் பிரயோசனமில்லை. உன்னைத்தான் கேட்கவேண்டும்.

எனக்கு இதமாக இருக்கவேண்டும் என்று எதையும் எழுதாதே. பார்த்ததை எழுது.

நேட்


வேன் நைஸ்
14 செப்டம்பர்

நேட்,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாள், நீ உதைக்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதினேன். அது நன்றாகவே வந்திருந்தது. ஜட்சன் வேல் எழுதியது மாதிரி இல்லை. நிஜமாகவே நம்பும்படி இருந்தது. அதைத் தபாலில் போடத் தெருமுனைவரை போனேன்.

உதைத்தாய். இரண்டு முறை. முதல் முறை மெதுவாக. டீக்கன் அசையவில்லை. தலையைத் திருப்பி உன்னைப் பார்த்தான். நீ ஒரு கணம் அப்படியே இருந்தாய். நீ இறங்கப்போகிறாய் என்று நினைத்தேன். இறங்கிவிடவேண்டும் என்று நினைத்தேன். பிறகு பலமாக உதைத்தாய். அவன் காலை எடுத்து வைத்தான்.

என் இரண்டு கையும் கோட்டுப் பைக்குள் இருந்தன. அன்று குளிர். வெளியே எடுக்கவில்லை.

இதை எழுதிவிட்டு இங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. வியாழக்கிழமை மாலை நாலு இருபதுக்கு பர்ன்ஸுக்கு ஒரு பேருந்து வருகிறதாம். நீ நிறுத்தத்தில் இல்லாவிட்டால் தேடமாட்டேன். அதே பேருந்து ஆறு மணிக்குத் திரும்புகிறது. இரண்டுக்கும் சீட்டு வாங்கிவிட்டேன்.

லைல்